பகுதி இல்லாத பின்னம்

2025 ஜூன் 12, வியாழக்கிழமை மதியம். அகமதாபாத்திலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம், ஓடுபாதையை விட்டு எழும்பிய அரை நிமிடத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி விடுதியின் மேல் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இறந்தவர்களையும் சேர்த்தால் 260 உயிர்கள். அன்றிலிருந்து தொலைக்காட்சியில் ஒரே காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எழும்பும் விமானம் உயரம் பிடிக்காமல் தாழ்கிறது, கட்டடங்களுக்குப் பின்னால் மறைகிறது, தீப்பிழம்பு மேலே வருகிறது. கைபேசியைத் திறந்தால் அங்கேயும் அதுதான்.

அந்த வாரம் பல வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும். "டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு ரயில்ல போயேன்ப்பா. இல்லன்னா காரை எடுத்துக்கிட்டுப் போயிடலாம். நம்ம கையில இருக்கும்." சொல்பவர் அம்மாவாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம். அந்த அக்கறையில் பொய் ஒன்றும் இல்லை.

இப்போது வேறொரு கணக்கைப் பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்குச் சராசரியாக 461 பேர். அதே சராசரியில் போனால், விமானம் விழுந்த நேரத்திலிருந்து மறுநாள் பொழுது விடிவதற்குள் நம் சாலைகளில் இன்னொரு 260 பேர் இறந்திருப்பார்கள். அடுத்த இரவு இன்னும் ஒரு 260.

சாலையில் சாவு அதிகம் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாததா? உறவிலோ தெருவிலோ ஒருவரையாவது சாலையில் பறிகொடுக்காத குடும்பம் நம்மிடையே குறைவு. தெரிந்திருந்தும் விமானம் நடுக்கத்தைத் தருகிறது, கார் தருவதில்லை. ஏன்? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியின் பின்னால் போகிறது. போகிற வழியில், பயமே உயிரெடுத்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கும்.

மேலெண்ணும் கீழெண்ணும்

முதலில், மேலே நான் வைத்த ஒப்பீட்டைக் கூர்மையான வாசகர் ஒருவர் மறுத்திருப்பார். "சாலையில் கோடிக்கணக்கான பேர் தினமும் போகிறார்கள். விமானத்தில் போவது கொஞ்சம் பேர். இரண்டு சாவு எண்ணிக்கைகளையும் அப்படியே பக்கத்தில் வைப்பது சரியா?" சரியில்லைதான். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதும் தெரிந்தால்தான் ஆபத்து எவ்வளவு என்று சொல்ல முடியும்.

பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தது நினைவிருக்கும். கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. ஆபத்து என்பதும் ஒரு பின்னம். செய்தி நமக்குத் தருவது பெரும்பாலும் கோட்டுக்கு மேலே உள்ள எண்ணை மட்டும். "260 பேர் பலி" என்பது உண்மை. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் அன்று பத்திரமாகத் தரையிறங்கிய விமானங்கள் எத்தனை என்பது செய்தியில் வராது. கீழெண் இல்லாத அந்தப் பின்னத்தை மனம் தானாகவே நிரப்பிக்கொள்கிறது. எதைக் கொண்டு நிரப்புகிறது என்பதில்தான் சிக்கல்.

மேலெண்ணிலும் ஒரு தேர்வு இருக்கிறது. 1979-ல் பார்பரா கோம்ப்ஸ், பால் ஸ்லோவிக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் இரு ஓரங்களிலிருந்து ஒவ்வொரு நாளேட்டை எடுத்துக்கொண்டு, அவற்றில் வந்த சாவுச் செய்திகளை எண்ணினார்கள். அந்த நாட்டில் கொலையால் இறப்பவர்களைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு பேர் நோயால் இறந்துகொண்டிருந்தார்கள். நாளேடுகளிலோ நோய்ச் சாவுகளைப் பற்றிய செய்திகளைவிடக் கொலைச் செய்திகள் சுமார் மூன்று மடங்கு இருந்தன. இடையே ஆயிரக்கணக்கான மைல்கள் இருந்தும் இரு ஏடுகளிலும் ஒரே சாய்வு. எது அதிகம் கொல்கிறது என்று மக்களைக் கேட்டபோது அவர்கள் தந்த மதிப்பீடுகளும் அதே பக்கம் சாய்ந்திருந்தன.

ஒரே நாளில் நடப்பதுதான் செய்தி

இதற்காகப் பத்திரிகையாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாளேடு நாளுக்கு ஒரு முறை வருவது. ஒரு நாளுக்குள் நடந்து முடிவதைத்தான் அதனால் பிடிக்க முடியும். நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்டுங், மாரி ஹோல்ம்போ ரூகே இருவரும் 1965-லேயே இதை எழுதிவிட்டார்கள். கெட்டது பெரும்பாலும் ஒரு நொடியில் நடக்கிறது. நல்லது வருடக்கணக்கில் ஊறுகிறது. வீடு எரிய ஒரு மணி நேரம் போதும், கட்டி முடிக்க ஓராண்டு ஆகும்.

நம் நாட்டுக் கணக்கு ஒன்று. 2000-ல் இந்தியாவில் பிறந்த ஒவ்வொரு ஆயிரம் குழந்தைகளில் 68 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-ல் அது 28 ஆனது. தமிழ்நாட்டில் 13. கிராமச் செவிலியர்கள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், தடுப்பூசி, மருத்துவமனைப் பிரசவம் எல்லாம் சேர்ந்து இருபது ஆண்டுகளில் செய்த காரியம் இது. எந்த நாளின் "சற்றுமுன்" பட்டையிலும் இது ஓடவில்லை. ஓடியிருக்கவும் முடியாது, ஏனென்றால் இது எந்த ஒரு நாளிலும் நடக்கவில்லை.

வாசகர் பக்கமும் பங்கு உண்டு. ஸ்டூவர்ட் சொரோக்காவும் உடன் ஆய்வாளர்களும் 17 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் திரைமுன் உட்கார வைத்து, செய்திகளைக் காட்டி, அவர்களுடைய தோலின் வியர்வை மாற்றத்தையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். 2019-ல் வெளிவந்த முடிவு: ஆளுக்கு ஆள் வேறுபாடு நிறைய இருந்தாலும், சராசரியில் கெட்ட செய்திக்கே உடல் கூடுதலாக விழித்துக்கொள்கிறது. இதை எதிர்மறைச் சாய்வு என்போம். 2023-ல் வந்த இன்னொரு ஆய்வு அப்வொர்த்தி என்ற இணையத்தளத்தின் பழைய சோதனைப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. அந்தத் தளம் ஒரே செய்திக்குப் பல தலைப்புகளை வைத்து, எதை மக்கள் சொடுக்குகிறார்கள் என்று பார்த்து வந்தது. தலைப்பில் எதிர்மறைச் சொல் ஒவ்வொன்று கூடும்போதும் சொடுக்கு விகிதம் சுமார் 2.3 விழுக்காடு ஏறியது. சின்ன எண்தான். லட்சக்கணக்கான தலைப்புகள் ஒன்றோடொன்று போட்டியிடும் இடத்தில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை யூட்யூபைத் திறக்கும் யாரும் பார்க்கலாம்.

மனம் எண்ணும் விதம்

கீழெண்ணை மனம் எதைக் கொண்டு நிரப்புகிறது? ஏமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1973-ல் செய்த ஒரு சோதனை இதற்கு நல்ல விளக்கம். மாணவர்களுக்கு 39 பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலைப் படித்துக் காட்டினார்கள். சில பட்டியல்களில் 19 பெண்கள் பெரும்புகழ் பெற்றவர்கள், 20 ஆண்கள் அவ்வளவாகப் பெயர் தெரியாதவர்கள். வேறு பட்டியல்களில் இது தலைகீழ். முடிவில் ஒரே கேள்வி: ஆண்கள் அதிகமா, பெண்கள் அதிகமா? 99 பேரில் 80 பேர் புகழ்பெற்றவர்கள் இருந்த பக்கத்தையே அதிகம் என்றார்கள். உண்மையில் அந்தப் பக்கம்தான் ஒன்று குறைவு.

அவர்கள் எண்ணவில்லை. எது சட்டென்று நினைவுக்கு வந்ததோ அதுவே அதிகம் என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குறுக்குவழியை நினைவெளிமை என்று அழைக்கலாம். சாதாரண வாழ்க்கையில் இது நன்றாகவே வேலை செய்கிறது. நம் ஊரில் எந்த மாதத்தில் மழை அதிகம் என்று கேட்டால் வானிலைப் பதிவேட்டைப் புரட்டாமல் ஐப்பசி, கார்த்திகை என்கிறோம். நாமே கண்டு அனுபவித்தவற்றில் அடிக்கடி நடப்பது எளிதில் நினைவுக்கு வருகிறது, எளிதில் வருவது பெரும்பாலும் அடிக்கடி நடப்பது.

திரை வந்ததும் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. ஒரு முறை நடந்ததை நூறு முறை பார்க்கிறோம். ஓராண்டில் இந்தியா முழுவதும் பறந்த விமானங்களில் நம் நினைவில் பதிவது விழுந்த ஒன்று மட்டும்.

அமெரிக்காவின் கேலப் நிறுவனம் ஆண்டுதோறும் கேட்டுவரும் ஒரு கேள்வியில் இது துல்லியமாகத் தெரிகிறது. போன ஆண்டைவிட நாட்டில் குற்றம் கூடியதா, குறைந்ததா? 1993-க்குப் பிறகு கால் நூற்றாண்டில் அங்கே வன்முறைக் குற்ற விகிதம் பாதி அளவுக்குக் குறைந்தது. ஆனாலும் பெரும்பாலான ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டோர் "கூடிவிட்டது" என்றே சொன்னார்கள். அதே ஆட்களிடம் "உங்கள் பகுதியில்?" என்று கேட்டால் அவ்வளவு பேர் அப்படிச் சொல்வதில்லை. தன் தெருவைத் தன் கண்ணால் பார்க்கிறார்கள், நாட்டைத் திரையில் பார்க்கிறார்கள். நம் திண்ணைகளில் "காலம் கெட்டுக் கெடக்கு, நம்ம ஊர் பரவாயில்ல" என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, அதற்குள்ளும் இந்த இரண்டு பார்வைகளும் இருக்கின்றன.

மாரத்தானும் ஆறு மணி நேரமும்

இதுவரை பார்த்தது தவறான மதிப்பீடு. தவறாக மதிப்பிட்டால் என்ன, மனசுக்குள்தானே என்று விட்டுவிட முடியாது. உடம்பு அதை நம்பிவிடுகிறது.

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தின் எல்லைக்கோட்டருகே இரண்டு குண்டுகள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். அடுத்த சில வாரங்களில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த அலிசன் ஹோல்மன், டானா ரோஸ் கார்ஃபின், ராக்சேன் கோஹன் சில்வர் மூவரும் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நாட்டின் பிற பகுதிகளிலுமாக 4,675 பேரிடம் விசாரித்தார்கள். தூக்கம் கெடுகிறதா, அந்தக் காட்சி வேண்டாத நேரத்தில் மனதுக்குள் ஓடுகிறதா, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுகிறதா? இப்படி அதிர்ச்சிக்குப் பின் வரும் கடும் மன அழுத்தத்தின் அறிகுறிகளை வரிசையாகக் கேட்டார்கள்.

யாருக்கு இந்த அறிகுறிகள் அதிகம் இருக்கும்? குண்டு வெடித்த இடத்தில் நின்றவர்களுக்கு என்றுதான் நாம் நினைப்போம். வந்த விடை வேறு. வெடிப்புக்கு அடுத்த வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ அந்தச் செய்தியிலேயே மூழ்கியிருந்தவர்கள், நேரில் இருந்தவர்களைவிடவும் அதிக அழுத்தத்தைச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகப் பார்த்தவர்களோடு ஒப்பிட்டால், கடும் அழுத்தத்துக்கு ஆளாகும் வாய்ப்பு அவர்களுக்கு ஒன்பது மடங்கு.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். ஏற்கெனவே பதற்ற சுபாவம் உள்ளவர்கள்தானே டிவி முன்னால் ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள்? அப்படியானால் பயம்தானே காரணம், செய்தி விளைவுதானே? ஆய்வாளர்களும் இதை யோசித்திருந்தார்கள். பங்கேற்றவர்களின் மனநலம் பற்றிய விவரங்கள் குண்டுவெடிப்புக்கு முன்பே சேகரிக்கப்பட்டிருந்தன. அதைக் கணக்கில் கழித்த பிறகும் தொடர்பு அப்படியே நின்றது. 2019-ல் இதே குழு மூன்றாண்டுத் தொடர் ஆய்வின் முடிவை வெளியிட்டபோது படம் இன்னும் தெளிவானது. முதல் சம்பவத்தின் செய்தியில் மூழ்கியவர்களுக்கு அழுத்தம் கூடியது, அழுத்தம் எதிர்காலத்தைப் பற்றிய கவலையாக மாறியது, அந்தக் கவலை அடுத்த துயரச் சம்பவம் வந்தபோது அவர்களை மேலும் அதிகமாகச் செய்தி பார்க்க வைத்தது. இரண்டு பக்கமும் உண்மை. பயம் செய்தியைத் தேடுகிறது, செய்தி பயத்தை வளர்க்கிறது.

உடலுக்குள் நடப்பது சுருக்கமாக இதுதான். மூளையின் ஆழத்தில் வாதுமைக் கொட்டை அளவில் இருக்கும் அமிக்டலா ஆபத்தின் அறிகுறியைக் கண்டதும் எச்சரிக்கை தருகிறது. அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் தயாராகிவிட்டது. உண்மையான ஆபத்தில் ஓடி முடித்ததும் எல்லாம் தணியும். சோபாவில் உட்கார்ந்திருப்பவர் எங்கே ஓடுவார்? செய்ய ஒன்றுமில்லை, காட்சியோ திரும்பத் திரும்ப வருகிறது. உடல் தயார்நிலையிலேயே கிடக்கிறது.

இந்த அழுத்தம் செய்தியோடு நின்றுவிடுவதும் இல்லை. 1997-ல் பிரிட்டனில் வெண்டி ஜான்ஸ்டன், கிரஹாம் டேவி இருவரும் 14 நிமிடச் செய்தித் தொகுப்புகளைத் தயாரித்து மூன்று குழுக்களுக்குக் காட்டினார்கள். ஒன்றில் நல்ல செய்திகள், ஒன்றில் சாதாரணச் செய்திகள், ஒன்றில் கெட்ட செய்திகள். மூன்றாவது குழுவினர் கவலையும் சோகமும் கூடியவர்களாக எழுந்தார்கள் என்பதில் வியப்பில்லை. அவர்கள் தங்கள் சொந்தக் கவலைகளையும் பெரிதாக்கிக்கொண்டார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. செய்திக்கும் அவர்களுடைய வேலைக்கோ குடும்பத்துக்கோ எந்தத் தொடர்பும் இல்லை. இரவு பத்து மணிச் செய்தியை முடித்துவிட்டுப் படுத்த பிறகு பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அப்பாவின் சர்க்கரை நோயும் திடீரென்று மலைபோலத் தெரிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

வானத்தை விட்டுச் சாலைக்கு

இனி அந்தச் சம்பவத்துக்கு வருவோம். 2001 செப்டம்பர் 11. அமெரிக்காவில் நான்கு பயணிகள் விமானங்கள் கடத்தப்பட்டன. கொல்லப்பட்டவர்கள் 2,977 பேர். அவர்களில் விமானங்களுக்குள் இருந்தவர்கள் 246. அந்த ஒரு நாளில் மட்டும் அமெரிக்கர்கள் சராசரியாக எட்டு மணி நேரம் தொலைக்காட்சி பார்த்தார்கள் என்று அடுத்த சில நாட்களில் எடுத்த ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. கோபுரத்துக்குள் விமானம் நுழையும் காட்சியை ஒவ்வொருவரும் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்?

மக்கள் விமானம் ஏறத் தயங்கினார்கள். அக்டோபரில் விமானப் பயணம் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நவம்பரிலும் டிசம்பரிலும் குறைவாகவே இருந்தது. பயணத்தைக் கைவிட்டவர்கள் போக, மற்றவர்கள் எங்கே போனார்கள்?

பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் இருந்த உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் இதைத் தேடினார். அவர் கையில் எடுத்தவை எல்லாம் யாரும் பார்க்கக்கூடிய அரசுப் பதிவேடுகள். சாலைகளில் வாகனங்கள் ஓடிய தூரம் செப்டம்பருக்குப் பிறகு கூடியிருந்தது. ஊருக்குள் ஓடும் சாலைகளில் அந்தக் கூடுதல் குறைவு. மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளின் ஊர்ப்புறப் பகுதிகளில்தான் அதிகம், சுமார் ஐந்து விழுக்காடு. காய்கறி வாங்கப் போகிறவர்கள் ஓடும் சாலையல்ல அது. விமானத்தில் போயிருக்கக்கூடிய தூரத்தைக் காரில் கடப்பவர்கள் ஓடும் சாலை.

அடுத்து விபத்துக் கணக்கு. இங்கே அவர் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், கீழெண்ணைத் தேடுவது எப்படி என்று இதில் கற்றுக்கொள்ள இருக்கிறது. ஒரு மாதத்தில் இத்தனை சாலைச் சாவு என்று மட்டும் சொன்னால் அது ஒன்றும் சொல்லாது. டிசம்பரில் பனி, கோடையில் விடுமுறைக் கூட்டம், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு குணம். ஆகவே 1996 முதல் 2000 வரையிலான ஐந்து ஆண்டுகளை எடுத்து, ஒவ்வொரு மாதத்துக்கும் உயிர்ப்பலி விபத்துகளின் சராசரி என்ன, மிகக் குறைந்தது என்ன, மிகக் கூடியது என்ன என்று குறித்துக்கொண்டார். அந்த ஏற்ற இறக்கப் பட்டைக்கு மேல் 2001-ஐ வைத்தார். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை கோடு ஐந்தாண்டுச் சராசரியை ஒட்டியே போகிறது. அக்டோபரில் மேலே எழுகிறது. பிறகு 2002 செப்டம்பர் வரை ஒவ்வொரு மாதமும் சராசரிக்கு மேலேயே நிற்கிறது, பெரும்பாலான மாதங்களில் ஐந்தாண்டுகளின் உச்சத்தையும் தாண்டியபடி. அதற்குப் பிறகு பழைய இடத்துக்கு இறங்குகிறது.

அந்த ஓராண்டில் கூடுதலாகச் சாலையில் இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்பது அவர் மதிப்பீடு. கடத்தப்பட்ட நான்கு விமானங்களில் இறந்தவர்களைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு.

விமானத்துக்குப் பதில் காரில் போனது அவ்வளவு மோசமான தேர்வா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சிவாக், மைக்கேல் ஃப்ளானகன் இருவரும் இரண்டுக்கும் கீழெண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவிலேயே பாதுகாப்பான சாலைகளான அந்த ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில் ஓட்டுவதையும் விமானத்தில் பறப்பதையும் ஒரே தூரத்துக்கு ஒப்பிட்டார்கள். விமானப் பயணம் கார் அளவுக்கு ஆபத்தாக வேண்டுமானால் செப்டம்பர் 11 போன்ற ஒரு பேரழிவு மாதம் ஒரு முறை நடக்க வேண்டும் என்று 2003-ல் எழுதினார்கள்.

கூடுதலாக இறந்த அந்த 1,500 பேரைப் பற்றி எந்தச் சிறப்பு ஒளிபரப்பும் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. அவர்கள் ஒருவர் இருவராக, வெவ்வேறு மாநிலங்களில், வெவ்வேறு நாட்களில் இறந்தார்கள். ஒவ்வொரு சாவும் ஒரு சாதாரண விபத்து. இன்னின்னார் என்று பெயர் சொல்லி அவர்களைப் பிரித்தெடுக்க இன்றும் முடியாது. அவர்களுடைய குடும்பங்களுக்குக்கூடத் தெரியாது. ஒரு ஆய்வாளர் கோடுகள் போட்டுப் பார்த்தபோதுதான் அப்படி ஒரு சாவுக்கூட்டம் இருந்தது என்பதே உலகுக்குத் தெரிந்தது. இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த இடத்தில் கனத்துப்போகிறது.

ஒரே நேரத்தில் பலரைக் கொல்வது, நம் கட்டுப்பாட்டில் இல்லாதது, படமாக மனதில் நிற்பது. இந்த மூன்றும் சேர்ந்த ஆபத்தைப் பேரச்ச ஆபத்து என்று அழைக்கலாம். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் இது நம்மை உலுக்கும். தினம் ஒருவர் இருவராகக் கொல்வது எண்ணிக்கையில் எவ்வளவு பெரிதானாலும் உலுக்காது. "நம்ம கையில இருக்கும்" என்று அம்மா சொன்னதில் இரண்டாவது அம்சம் அப்படியே இருக்கிறது. ஸ்டியரிங் நம் கையில் இருப்பது உண்மைதான். எதிரே வரும் லாரியின் ஸ்டியரிங் நம் கையில் இல்லை.

அழுத்தமா, தூரமா?

கிகெரென்சரின் விளக்கத்தை எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை. 2009-ல் ஜெனி சூவும் உடன் ஆய்வாளர்களும் அதே பதிவேடுகளை வட்டாரவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சாலைச் சாவு கூடியது நியூயார்க் அடங்கிய வடகிழக்கு மாநிலங்களில் தனித்துத் தெரிந்தது. மதுவோ போதைப்பொருளோ அருந்திய ஓட்டுநர்களின் பங்கும் அங்கே கூடியிருந்தது. விமானத்துக்குப் பயந்து காரில் ஏறியது மட்டும் காரணமல்ல, அழுத்தத்தில் இருந்தவர்கள் மோசமாக ஓட்டியதும் காரணம் என்பது அவர்கள் வாதம். இதற்கு 2012-ல் வொல்ஃப்காங் கைஸ்மையரும் கிகெரென்சரும் பதில் எழுதினார்கள். நியூயார்க்குக்கு அருகில் மட்டுமல்ல, நெடுஞ்சாலை வசதியும் கார்களும் மிகுந்த மாநிலங்களிலும் ஓட்டிய தூரம் கூடியிருந்தது, எங்கே அது கூடியதோ அங்கே சாவும் கூடியது என்று காட்டினார்கள்.

என் பார்வையில் இரண்டும் ஒன்றை ஒன்று அழிப்பதில்லை. பயம் ஒருவரை நெடுஞ்சாலைக்குத் தள்ளியது. அதே பயம் ஓட்டும் கையை நடுங்கவும் வைத்தது. பயம் இருப்பது மட்டும் போதாது, அது வெளியேற ஒரு கதவும் வேண்டும் என்பதைத்தான் இந்த விவாதம் எனக்குக் காட்டுகிறது.

ஸ்பெயினில் அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. 2004 மார்ச் 11 காலை மாட்ரிட் நகரின் பயணிகள் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அலெஹாந்த்ரோ லோபெஸ்-ரூசோ என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்தது இங்கேயும் நடந்ததா என்று பார்த்தார். ரயில் பயணம் கொஞ்ச காலம் குறைந்தது. ஆனால் சாலைப் போக்குவரத்து கூடவில்லை, சாலைச் சாவும் கூடவில்லை. காரில்லாமல் வாழ முடியாத நாடு அமெரிக்கா, ஸ்பெயின் அப்படியல்ல. தவிர, எட்டா என்ற பிரிவினைவாத ஆயுத இயக்கத்தின் குண்டுகளோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்த மக்கள் அவர்கள்.

நம் நாட்டில் அந்தக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது, நெடுஞ்சாலைகள் பெருகப் பெருக இன்னும் அகலமாகிறது. கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது? 2022-ல் இறந்தவர்களில் ஹெல்மெட் போடாத இருசக்கர வாகனப் பயணிகள் மட்டும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். பயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த எண்ணுக்கு நாம் பயப்பட்டே ஆக வேண்டும். பயப்படத் தகுந்த இடத்துக்குப் பயம் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

வியன்னாவின் சுரங்க ரயில்

செய்தியின் இயல்பே இதுதான், மாற்ற முடியாது என்று தோன்றலாம். மாற்றிய ஒரு நகரம் இருக்கிறது.

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் 1978-ல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. 1980-களின் நடுவில் அங்கே தற்கொலைகள் திடீரென்று பெருகின. நகரத்தின் நாளேடுகள் ஒவ்வொன்றையும் பெரிய தலைப்பும் படமுமாக, நாடகம்போல எழுதிக்கொண்டிருந்தன. தற்கொலைத் தடுப்புச் சங்கத்தின் மருத்துவர்கள் இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகச் சந்தேகித்து, எப்படி எழுத வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளைத் தயாரித்து 1987-ன் நடுவில் பத்திரிகைகளிடம் கொடுத்தார்கள். ஆசிரியர்கள் ஏற்றார்கள். பெரிய தலைப்புகள் போயின. செய்தி சிறிதாகி உள்பக்கத்துக்குப் போனது, அல்லது வரவே இல்லை. அவ்வாண்டின் முதல் பாதியோடு ஒப்பிட்டால் இரண்டாம் பாதியில் சுரங்க ரயில் தற்கொலைகளும் முயற்சிகளும் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. பிந்தைய ஆண்டுகளிலும் எண்ணிக்கை பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை. ரயில் அதேதான், தண்டவாளமும் அதேதான். செய்தி எழுதும் முறை மாறியிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் பிறகு இதையொட்டிய வழிகாட்டுதல்களை எல்லா நாடுகளுக்கும் தந்தது. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019-ல் அவற்றின் அடிப்படையில் விதிகளை ஏற்றுக்கொண்டது. இன்று தமிழ் நாளேடுகளில் தற்கொலைச் செய்தியின் அடியில் 104 என்ற உதவி எண் கட்டம் கட்டி வருகிறது. செய்தியை மறைக்காமல், அதைப் படிப்பவரின் மனநிலையையும் சேர்த்து யோசித்ததால் வந்த கட்டம் அது.

விபத்துச் செய்திக்கும் அப்படி ஒரு கட்டம் வேண்டும் என்று நான் கேட்கிறேன். விமானம் விழுந்த செய்தியின் அடியில், இந்த ஆண்டு இந்தியாவில் பத்திரமாகத் தரையிறங்கிய விமானங்கள் எத்தனை என்ற ஒரு வரி. புதிய காய்ச்சல் பற்றிய செய்தியின் அடியில், பரிசோதித்தவர்கள் எத்தனை பேர், குணமாகி வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்ற ஒரு வரி. தொலைக்காட்சியில், ஓடிக்கொண்டிருக்கும் காட்சி முதலில் எப்போது எடுக்கப்பட்டது என்று மூலையில் நாளும் நேரமும், பழைய வெடிப்பைப் புதிய வெடிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ளாதபடி. இந்த எண்கள் விமானப் போக்குவரத்து இயக்ககத்திடமும் சுகாதாரத் துறையிடமும் இருக்கின்றன. எடுத்துப் போட ஒரு உதவி ஆசிரியருக்குப் பத்து நிமிடம் ஆகும்.